முப்பத்தொன்றாம் டப்பா

பிப்ரவரி 6

தங்கைக்கு,

நான் நலம். உன் நலம் நீ எழுதினால்தான் தெரியும். நீ எழுதிப் பதினான்கு மாதம் ஆகிறது. இருமல் விட்டதா? அந்தப் படக்கொட்டகை ஆபரேட்டர் அறையில் படம் ஓட்டும் விளக்கின் கரிக்குச்சிப் புகையை நாள் தவறாமல் குடித்துக்கொண்டிருந்தால் எப்படி விடும்?

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பழைய படச் சுருள் வேண்டும். அப்பா எடுத்தது, எடுக்காதது, எதுவானாலும் சரி.

நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்திருக்கிறோம். பெயர் 'நாளைக்காரர்கள்'. கண்ணாடி அறுக்கும் பட்டறைக்கு மேலே ஒரு நீளமான மாடி, அதில்தான் வேலை. இதுவரை வரைந்தவர்கள் எல்லாரும் இருப்பதைத்தான் திரும்ப வரைந்தார்கள். அப்பா மாதிரி ஆட்களோ இருப்பதை ஒரு பெட்டிக்குள் பிடித்துச் சுற்றிக் காட்டினார்கள். இரண்டுமே நகல் எடுக்கும் வேலை. நாங்கள் உருவமே வரைவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம். முகம் கிடையாது, மரம் கிடையாது, வீடு கிடையாது. நான் இப்போது படப்பெட்டியே இல்லாமல் படம் செய்கிறேன். மேஜையில் கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே விளக்கு. அதன்மேல் சுருளை விரித்து, அதில் இருக்கும் பழைய படத்தைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, வெறும் நாடாவில் கோடும் புள்ளியுமாக நேரடியாக வரைவது. இயந்திரத்தில் ஓட்டினால் கோடு துள்ளும், வெடிக்கும். உனக்குப் புரியாது, பரவாயில்லை.

புதுச் சுருள் வாங்க வழியில்லை. அப்பாவின் தெருக்களையும் ரயில்களையும் இனி யார் பார்க்கப் போகிறார்கள்? ஒரு டஜன் டப்பா ரயிலில் போட்டு அனுப்பு.

அண்ணன்


பிப்ரவரி 17

அண்ணனுக்கு,

இருமல் அப்படியேதான் இருக்கிறது. நீ கேட்ட உடனே போய்விட அதற்கு உன்மேல் என்ன மரியாதை?

அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன அன்று வர உனக்கு ரயில் கிடைக்கவில்லை. அவர் சுருள் உன்னிடம் வர மட்டும் ரயில் கிடைக்கிறது. நல்லது. கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அதில் 'அப்பா' என்ற சொல் எங்கே வந்தாலும் கூடவே ஒரு நையாண்டி வருகிறது. செத்தவரோடு மல்லுக்கு நிற்கிறவனை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

பதினோரு டப்பா அனுப்பியிருக்கிறேன். உன் மேல் பாசம் பொங்கி அனுப்பவில்லை. கொட்டகை முதலாளி வந்து, "இதெல்லாம் தீப்பிடிக்கிற சாமான்மா. ஒரு பொறி போதும், கொட்டகையே போயிடும். ஏதாவது பண்ணு" என்று ஒரு மாதமாக உயிரை வாங்குகிறார். எப்படியும் கழிக்க வேண்டியதைத்தான் உன் தலையில் கட்டியிருக்கிறேன்.

கண்ணை மூடிக்கொண்டு அள்ளிப் போட்டேன் என்று நினைக்காதே. ஒவ்வொரு டப்பாவையும் திறந்து, இரண்டு கை நீளம் இழுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் பிரித்தேன். ஜனங்கள் இன்றும் கேட்கிற ரயில் படங்களையும் பாலம் கட்டுகிற படத்தையும் வைத்துக்கொண்டேன். உனக்கு வந்தது அப்பா ஜனங்களுக்கு ஓட்டாமல் ஒதுக்கியவை. மூட்டை இறக்குகிறவர்கள், பாதியில் வெளிச்சம் பட்டுப் புகைந்துபோன ஆற்றங்கரை, ஆளில்லாத தெரு, அப்படி. டப்பாவில் எண் மட்டும்தான் இருக்கும். அவர் எழுத்து, தெரிந்திருக்கும்.

உன் கோடு துள்ளட்டும், வெடிக்கட்டும். நாளைக்காரர்களுக்கு இன்றைக்குச் சாப்பாடு உண்டா?

தங்கை


மார்ச் 20

தங்கைக்கு,

சாப்பாடு உண்டு. பட்டறைக்காரர் வீட்டிலிருந்து மதியம் ஒரு வேளை வருகிறது. நீயும் வேளைக்குச் சாப்பிடு.

டப்பாக்கள் வந்தன. ஏழு சுருண்டு முறுக்கிக்கொண்டிருக்கின்றன, நான்கு நன்றாக இருக்கின்றன. அப்பா எந்தச் சுருளையும் தன் கையாலேயே திரும்பச் சுற்றி வைக்கிறவர், அதனால் பிழைத்தன. பார், நையாண்டி இல்லாமலும் ஒரு வரி எழுத எனக்கு வரும்.

ஜூனில் கண்காட்சி. எங்கள் குழுவில் 'வட்டம்' என்று ஒருவர் இருக்கிறார். வட்டத்தைத் தவிர வேறெதையும் வரையாதவர், எங்களுக்கெல்லாம் மூத்தவர். என் முதல் இருபது அடியைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். "இனிமே கேமராவ தூக்கிப் போட்டுடலாம்டா" என்றார். அவர் ஒருவரை மெச்சி நான் கேட்டதில்லை.

இத்துடன் என் ஓவியம் ஒன்று. சுவரில் மாட்டு. எந்தப் பக்கம் மேலே என்று கேட்டு எழுதாதே, எந்தப் பக்கமும் மேலேதான். எங்கள் பிரகடனத்தின் அச்சுத் தாளும் இருக்கிறது. 'நேற்று என்பது பிணம், அதைத் தோளில் இருந்து இறக்கு' என்று ஆரம்பிப்பது நான் எழுதியது.

அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணனுக்கு,

நலம். உன் ஓவியம் வந்தது. ஆபரேட்டர் அறை ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்து கிடந்தது, அளவாகப் பொருந்தியது. காற்று வரவில்லை. உன் கலையால் ஒருவருக்காவது பயன் என்று முதலாளியே சொன்னார்.

இதற்குமேல் விளையாட்டு இல்லை. இதைப் படித்த உடனே கத்தியைக் கீழே வை.

நேற்று அப்பாவின் படப்பெட்டியைத் துடைத்து எண்ணெய் போட இறக்கினேன். அடித்தட்டில் மடித்த தாள் ஒன்று இருந்தது. டப்பாக்களின் பட்டியல். எண், எடுத்த இடம், எத்தனை அடி. முப்பதாவது, 'மூட்டை இறக்குதல், எண்பது அடி'. முப்பத்திரண்டாவது, 'ஆற்றங்கரை, புகைந்தது'. இரண்டுக்கும் நடுவில் இப்படி இருக்கிறது: '31. அவள். நூறு அடி. பிரதி ஒன்றே.' மூலச் சுருள் தண்ணீர் புகுந்த வருஷத்தில் ஒட்டிப்போனது என்று ஓரத்தில் குறித்திருக்கிறார்.

அம்மாவை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, உனக்கே தெரியும். செத்த பிறகும் 'அவள்'தான்.

அம்மா காய்ச்சலில் போனபோது எனக்கு மூன்று வயது. உனக்கு ஒன்பது. உனக்கு முகம் தெரியும். எனக்குத் தெரியாது. தெருவில் போகிற நாயைக்கூட விடாமல் எடுத்தவர் வீட்டில் இருந்தவளை ஒரு தடவைகூட எடுக்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் அவர்மேல் எனக்கு ஆத்திரம். எடுத்திருக்கிறார். நூறு அடி. ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் ஓடும். என் அம்மா ஒன்றரை நிமிஷம் நடமாடுவாள்.

முப்பத்தொன்றாம் டப்பா உன்னிடம் இருக்கிறது. அனுப்பிய எண்களைக் குறித்து வைத்திருக்கிறேன். நான் பார்த்தபோது ஆளில்லாத தெருதான் தெரிந்தது, ஆனால் உள்ளே அவள் இருக்கிறாள். அதைச் சுரண்டாதே. ஒரு அங்குலம்கூடச் சுரண்டாதே. அப்படியே மூடி அனுப்பு. நீ எனக்கு இத்தனை வருஷம் செய்யாததையெல்லாம் இதோடு மறந்துவிடுகிறேன்.

தங்கை


ஏப்ரல் 21

அண்ணனுக்கு,

கடிதம் போய்ச் சேர மூன்று நாள். பதில் வர மூன்று நாள். பத்தொன்பது நாள் ஆகிறது.

உடம்பு சரியில்லையா? கை உடைந்துவிட்டதா? இரண்டில் ஒன்றாக இருந்தால் மன்னிக்கிறேன்.

தங்கை


மே 9

தங்கைக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கண்காட்சி வேலையில் தலை நிமிர நேரமில்லை. உன் இருமலுக்குத் தேன் சாப்பிடு.

முப்பத்தொன்று என்று எந்த டப்பாவையும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. சில டப்பாக்களில் எண்ணே அழிந்துபோயிருந்தது. முறுக்கிக்கொண்டிருந்த ஏழும் ஒன்றோடொன்று ஒட்டிப் பாகு மாதிரி ஆகிவிட்டன, நாற்றம் தாங்காமல் பட்டறைக்காரர் வெளியே கொண்டுபோய்க் கொளுத்திவிட்டார். அதில் போயிருக்கலாம்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஒரு முகத்தைப் பார்த்து என்ன செய்யப் போகிறாய்? துணியில் விழுகிற வெளிச்சம் அது, அம்மா இல்லை. அப்பா நம்மை அப்படி வளர்த்துவிட்டார். எதுவாக இருந்தாலும் பெட்டிக்குள் பிடித்து வைத்தால் அது நம்முடையது என்று. நான் அதை விட்டு வெளியே வர எவ்வளவு பாடுபட்டேன் என்று உனக்குத் தெரியாது. நீயும் வெளியே வா. கண்காட்சிக்கு வருகிறாயா? மாடியில் ஒரு மூலை ஒழித்துத் தருகிறேன்.

அண்ணன்


ஜூலை 4

அண்ணனுக்கு,

நான் வரவில்லை. ஆனால் உன் கண்காட்சி என்னிடம் வந்தது. கொட்டகையில் பியானோ வாசிக்கிறவர் பழைய பேப்பரில் சிற்றுண்டி மடித்துக்கொண்டு வந்தார். எண்ணெய்க் கறைக்கு நடுவில் உன் குழுவின் பெயர். உன்னைப் புகழ்ந்து தள்ளியிருக்கிறார்கள், முதலில் அதை எழுதிவிடுகிறேன். பின்னே எழுதினால் வயிற்றெரிச்சலில் எழுதினேன் என்பாய்.

அந்த விமர்சகர் எழுதியதை அப்படியே எடுத்து எழுதுகிறேன். 'ஓரிடத்தில், நாடாவின் துளைகளை ஒட்டி, கத்தி எட்டாத மூலையில் பழைய படத்தின் மிச்சம் தப்பியிருந்தது. ஒரு பெண்ணின் கை. அந்தக் கையில் ஒரு பெட்டி. ஒரு நொடி துள்ளிவிட்டு மறைந்தது. கலைஞர் இதை வேண்டுமென்றே விட்டாரா என்று தெரியவில்லை.'

மற்றப் பத்து டப்பாவும் எனக்கு மனப்பாடம். பத்து வயதிலிருந்து அறையில் தனியாக ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பெட்டி தூக்கிய பெண் ஒருத்தியும் கிடையாது.

பாகு மாதிரி ஆகிவிட்டதா? கொளுத்திவிட்டாரா? என் காதில் பூ சுற்ற உனக்கு ஒரு மாதம் தேவைப்பட்டிருக்கிறது. கோடு போடுகிற கைக்குப் பொய் சொல்ல வரவில்லை.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன், உன்னைப் போல மழுப்ப எனக்குத் தெரியாது. எங்கள் அறையில் ஒரு படம் ஓடி முடிந்தால் கடைசி வெளியே, முதல் உள்ளே என்று தலைகீழாக இருக்கும். திரும்பச் சுற்றி, முதலை வெளியே கொண்டுவந்த பிறகுதான் டப்பாவில் வைப்போம். அப்பா ஒரு நாள்கூட அதைத் தவறியதில்லை. அந்தப் பழக்கத்தில்தான் வெளிமுனையை மட்டும் பார்த்தேன். முதலே ஆளில்லாத தெரு என்றால் உள்ளே என்ன பெரிதாக இருக்கப் போகிறது என்று தள்ளிவிட்டேன். 'அவள்' என்று பெயர் வைத்த படத்தை அவர் ஆளில்லாத தெருவில் ஆரம்பித்திருக்க மாட்டார். முப்பத்தொன்று திரும்பச் சுற்றாத சுருள். நான் பார்த்தது அதன் கடைசி. அப்பா சாவதற்கு முன் அதைத் தனியாக ஓட்டிப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு அவருக்குத் திரும்பச் சுற்ற முடியவில்லை. இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இருபது வருஷம் இதே வேலையைச் செய்கிறவளுக்குத் தெரியவில்லை.

இப்போது நீ சொல். காய்ச்சலில் படுத்துச் செத்தவள் கையில் பெட்டி எதற்கு?

தங்கை


ஆகஸ்ட் 28

தங்கைக்கு,

இந்தக் கடிதத்தை எட்டு வாரமாக எழுதுகிறேன். நலமா என்று கேட்க எனக்கு வாயில்லை.

அம்மா காய்ச்சலில் சாகவில்லை. போய்விட்டாள். காய்ச்சல் என்பது அப்பா சொன்ன கதை. அடுத்த வாரமே ஊர் மாறினோம், புது ஊரில் கேட்க யாருமில்லை. நான் எல்லாரிடமும் காய்ச்சல் என்றே சொல்லிப் பழகினேன். உன்னிடமும்.

அன்று காலை அப்பாவுக்குப் புதுப் படப்பெட்டி வந்திருந்தது. வாசலில் முக்காலியில் ஏற்றி, என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, தெருவை எடுத்துப் பார்க்கக் கைப்பிடியில் கை வைத்தார். முதல் சுற்றுச் சுற்றும்போது அம்மா வீட்டிலிருந்து துணிப்பெட்டியோடு வெளியே வந்தாள். அவரைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். அவர் நிறுத்தவில்லை. படப்பெட்டியையும் நிறுத்தவில்லை, அவளையும் நிறுத்தவில்லை. நொடிக்கு இரண்டு சுற்று. அவர் உதடு எண்ணிக்கொண்டே இருந்தது. பாதித் தெரு போனவள் நின்றாள். திரும்பி வந்தாள், படப்பெட்டிக்கு ஒரு முழம் தூரம் வரை. அப்பாவிடம் ஏதோ சொன்னாள். பிறகு போய்விட்டாள். மூலை திரும்பி மறைந்த பிறகும் அவர் சுற்றினார். சுருள் தீரும்வரை சுற்றினார். நீ பார்த்த ஆளில்லாத தெரு அதுதான்.

ஏன் போனாள் என்று கேட்பாய். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவள் பேச ஆரம்பித்தால் அவர் லென்ஸைத் துடைக்க ஆரம்பிப்பார். வருஷக்கணக்காக அப்படி. எங்கே போனாள், இருக்கிறாளா இல்லையா, எதுவும் எனக்குத் தெரியாது. கடிதம் வந்ததாகத் தெரியவில்லை.

நீ கேட்காததையும் சொல்கிறேன். எண்ணைப் பார்க்காமல்தான் கண்ணாடிமேல் விரித்தேன். வெளிமுனையிலிருந்து முப்பது அடி, வெறும் தெரு, சுரண்டி முடித்தேன். அப்புறம் ஒரு முதுகு வந்தது. அந்தத் தெரு, அந்த முதுகு. தெரிந்துவிட்டது. மார்ச் கடைசி, உன் கடிதம் இன்னும் வரவில்லை. நிறுத்தியிருக்கலாம். உன்னிடமிருந்து மறைக்கத்தான் சுரண்டினேன், நீ தாங்க மாட்டாய் என்று சுரண்டினேன் என்று இரண்டு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். அது இல்லை. கோபம். அவர்மேல், அவள்மேல், அந்த நடுங்காத படத்தின்மேல். ஒரு மயிரிழைகூட ஆடாத படம் அது. மனைவி போகும்போது ஒரு மனுஷனுக்குக் கை நடுங்க வேண்டாமா? முகம் வந்தபோது நன்றாக அழுத்திச் சுரண்டினேன்.

உன் கடிதம் அதற்கு ஒரு வாரம் கழித்து வந்தது.

அண்ணன்


செப்டம்பர் 5

அண்ணனுக்கு,

இதுவரை என்னை யாரும் இப்படி ஏமாற்றியதில்லை. நான் செத்தவளுக்காக அழுதேன். பன்னிரண்டு வயதில், பதினாறு வயதில், போன வருஷம்கூட. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நீயும் பார்த்திருக்கிறாய். நாடகம் பார்க்கிறவர்கள் மாதிரி இரண்டு பேரும் பார்த்திருக்கிறீர்கள்.

நான் தாங்க மாட்டேன் என்று நீ சுரண்டவில்லை என்கிறாய். அந்த நேர்மைக்கு உனக்கு என்ன பரிசு தரட்டும்? போகிறவளின் முதுகாக இருந்தாலும் எனக்கு வேண்டும். அவள் நடை எப்படி என்று பார்த்திருப்பேன். எனக்கு இருப்பது யார் நடை என்றுகூட எனக்குத் தெரியாது. உன் கோபத்துக்கு நீ உன் கையை அறுத்துக்கொள்ள வேண்டியதுதானே, என் அம்மாவை ஏன் அறுத்தாய்?

படப்பெட்டிக்கு ஒரு முழம் தூரத்தில் வந்தாள் என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் முகம் திரை முழுக்க நிறைந்திருக்கும். நான் இத்தனை வருஷமாக வேறு பெண்களின் முகத்தை அந்தத் திரையில் அவ்வளவு பெரிதாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு விஷயம் கேட்கிறேன். இரண்டும் நீ எனக்குத் தர வேண்டியவை.

ஒன்று, அந்த முகத்தை வரை. உருவம் வரைவதில்லை என்று கையெழுத்துப் போட்டாயே, அந்தக் காகிதம் நாசமாகப் போகட்டும். உன் முக்கோணமும் சதுரமும் வேண்டாம். மூக்கை மூக்காக வரை, கண்ணைக் கண்ணாக வரை. அவள் எப்படி இருந்தாளோ அப்படி.

இரண்டு, அப்பாவிடம் 'ஏதோ' சொன்னாள் என்று எழுதியிருக்கிறாய். எட்டு வாரம் உட்கார்ந்து, தெரு மூலை வரை எழுதியவன் அந்த இடத்தில் மட்டும் 'ஏதோ' என்கிறாய். படத்துக்குத்தான் காது கிடையாது. நீ பக்கத்தில் நின்றாய். என்ன சொன்னாள்?

தங்கை


அக்டோபர் 24

தங்கைக்கு,

நலம் விசாரிக்கும் உரிமை எனக்கு இல்லை. ஆனாலும் விசாரிக்கிறேன்.

குழுவிலிருந்து வந்துவிட்டேன். உனக்காக இல்லை, பெருமைப்பட்டுக்கொள்ளாதே. நான் முகம் வரைந்துகொண்டிருந்ததை வட்டம் பார்த்துவிட்டார். "போஸ்ட் கார்டு வரையிறவனுக்கு இங்க என்ன வேல?" என்றார். நியாயமான கேள்விதான்.

ஐம்பதுக்கு மேல் வரைந்தேன். முடியவில்லை. கண் ஒரு தாளில் சரியாக வருகிறது, வாய் இன்னொரு தாளில். சேர்த்தால் வேறு யாரோ. கடைசி நாலைந்து தாளில் உன் முகம்தான் வந்தது. எனக்கு நினைவிருக்கும் என்று நம்பித்தான் இத்தனை காலம் இருந்தேன். கண்ணாடிமேல் பார்த்தபோது அவ்வளவு தெளிவாகத் தெரிந்தாள், இது எப்போதும் என்னிடம் இருந்ததுதானே என்று நினைத்தேன். இல்லை. அந்தச் சுருளில் மட்டும்தான் இருந்தாள். பொய்யாக ஒரு முகத்தை வரைந்து அனுப்பியிருக்கலாம், உனக்குத் தெரியப் போவதில்லை. செய்யவில்லை.

இரண்டாவது கேள்விக்குப் பதில் இருக்கிறது. கண்ணுக்குத்தான் மறந்தது, காதுக்கு மறக்கவில்லை. அவள் திரும்பி வந்து அப்பாவிடம் சொன்னது இது: "சின்னவ தூங்குறா. எழுப்பிடாதீங்க. அவ முழிச்சுக்கிட்டா என்னால போக முடியாது."

அவர் சுற்றிக்கொண்டே தலையை மட்டும் ஆட்டினார். அவள் போனாள்.

நான் ஏன் உள்ளே ஓடி உன்னை எழுப்பவில்லை என்று நீ கேட்பாய். இருபத்தாறு வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் வீட்டுப் பக்கம் திரும்பினேன். கதவு பத்தடிகூட இருக்காது. அப்பா குரலை உயர்த்தாமல் சொன்னார்: "முக்காலியோட காலப் பிடிச்சுக்கோ. ஆடிச்சுன்னா படம் கெட்டுடும்." குனிந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவள் மூலை திரும்பும்வரை விடவில்லை. படம் ஆடவில்லை.

அண்ணன்


நவம்பர் 3

அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. முதல் இரண்டு நாள் கொட்டகையில் படம் ஓட்டவில்லை. முதலாளியிடம் காய்ச்சல் என்று சொன்னேன். நம் குடும்பத்தில் சுலபமாகச் சொல்ல வருவது அதுதான்.

மூன்று பேரும் அவள் பேச்சைத் தட்டவில்லை. அவள் அவ்வளவு பேசியும் கேட்காத மனுஷர், அவள் கடைசியாகச் சொன்ன அந்த ஒன்றை மட்டும் கேட்டார். நீயும் கேட்டாய். நானும் நல்ல பிள்ளையாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் காலையில் அப்பாவின் முக்காலியை எடுத்தேன். இங்கே அறை மூலையில்தான் இருக்கிறது, அதே முக்காலி. கொட்டகை வாசலுக்குக் கொண்டுபோனேன். அங்கே தரை கொஞ்சம் சரிவு. நம் பழைய வாசல் எப்படி என்று தெரியாததால் சரிவிலேயே வைத்தேன். படப்பெட்டியை மேலே ஏற்றித் திருகினேன். கைப்பிடியைப் பிடித்து நொடிக்கு இரண்டு சுற்று, நூறு அடிக்கு எத்தனை சுற்றோ அத்தனையும் சுற்றினேன். படப்பெட்டியின் தலையில், விளிம்பு வரை தண்ணீர் நிறைத்த ஒரு டம்ளரை வைத்திருந்தேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. வேகமாகச் சுற்றினேன். காலால் ஒரு இடி இடித்தும் பார்த்தேன். அப்போதுதான் சிந்தியது.

அதை யாரும் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை, அண்ணா. அது தானாகவே நிற்கும். அப்பாவுக்கு அது தெரியும். தெரிந்தேதான் உன்னைப் பிடிக்கச் சொன்னார்.

நீ என்னை எழுப்பியிருக்கலாம்.

தங்கை